எழுதி வைக்கும் ஊர், சொல்லி வைக்கும் ஊர்

தாம்பரத்துக்கு வரும் மாணவரும் ஜெர்மனிக்குப் போகும் மாணவரும்: ஓர் ஒப்பாய்வு

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் வந்து நுங்கம்பாக்கம் நிலையத்தில் இறங்கும் இளைஞர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவர், நம் தென் புறநகரில் தங்கிப் படிக்கும் வெளிநாட்டு மாணவர். ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் அவருக்கு வேலை இருக்கும். இன்னொருவர் செம்பாக்கத்திலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ பிறந்து வளர்ந்த பிள்ளை. ரட்லண்ட் கேட்டில் உள்ள கோத்தே நிலையத்தில் ஜெர்மன் மொழி படிக்கிறார். அடுத்த ஆண்டு முதுகலைக்கு ஜெர்மனி போக வேண்டும். ஒருவர் வந்தவர், ஒருவர் போகப்போகிறவர். இந்த இருவரின் அன்றாட வாழ்வைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

ஒப்பிடக் காரணம் இருக்கிறது. உயர்கல்வி குறித்த மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி 2021-22-ல் இந்தியா முழுவதும் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனி என்ற ஒரே நாட்டில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். உலகமே நமக்கு அனுப்பும் பிள்ளைகளைவிட அதிகம் பேரை ஒரு நாட்டுக்கு மட்டும் நாம் அனுப்பியிருக்கிறோம். போகிற பிள்ளையின் கஷ்டம் நம் வீட்டுப் பேச்சு. வாட்ஸ்அப்பில் தினமும் கேட்கிறோம். வருகிற பிள்ளையின் கஷ்டம் அடுத்த தெருவில் நடந்தாலும் நம் காதில் விழுவதில்லை.

தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி, சேலையூரில் பாரத், பல்லாவரத்தில் வேல்ஸ், வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்ஆர்எம் என்று ஜிஎஸ்டி சாலையை ஒட்டியே ஒரு கல்வி வட்டாரம் இருக்கிறது. நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, ஆப்பிரிக்க நாடுகள் எனப் பல இடங்களிலிருந்து இங்கே பிள்ளைகள் வருகிறார்கள். இங்கு வருகிறவரும் அங்கு போகிறவரும் சந்திக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றே: காகிதம், வீடு, அடுப்பு, தெரு, நோய், தனிமை. அவற்றை எதிர்கொள்ள இரண்டு ஊர்களும் தரும் உதவிதான் வேறு. ஜெர்மன் ஊர் தன் விதிகளை எழுதி வைக்கிறது. நம் ஊர் தன் விதிகளை ஆள் மூலம் சொல்லி வைக்கிறது. புதியவருக்கு நன்மையும் துன்பமும் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

முதல் பதினான்கு நாள்

இரு நாடுகளிலும் கெடு ஒன்றுதான். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் இந்தியா வருகிறவர் 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2018 முதல் பெரும்பாலும் இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. கூப்பிட்டால்தான் நேரில் போக வேண்டும். ஜெர்மனியிலும் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு வேண்டும். அந்தப் பதிவுச் சான்றைக் காட்டித்தான் வங்கிக் கணக்கு, வரி எண், வசிப்பு அட்டை என்று மற்றதெல்லாம் நடக்கும்.

கெடு ஒன்றானாலும் அனுபவம் ஒன்றல்ல. ஜெர்மனியில் இந்தப் பதிவு வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதன்று. அந்த ஊரிலேயே பிறந்தவரும் வீடு மாறினால் அதே வரிசையில் நின்று அதே படிவத்தைத் தர வேண்டும். அதனால் உறுதிச்சீட்டு கேட்கும் தமிழ்ப் பிள்ளையை வீட்டுக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. அது அவருக்கு வழக்கமான கையெழுத்து. இங்கே நிலை வேறு. வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் தகவல் தர வேண்டும். 'சி படிவம்' என்று நெடுங்காலமாக வழங்குவது இதுதான். வெளியூர்த் தமிழருக்கு வீடு விடும்போது இந்தப் படிவம் கிடையாது. ஆகவே சேலையூரில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடும் ஓய்வு பெற்ற தம்பதிக்கு இந்தப் படிவம் ஒரு பூதமாகத் தெரிகிறது. விதி இணையத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அவர்கள் காதுக்கு வந்து சேர்வது, "ஃபாரினர்ஸுக்கு விட்டா ஸ்டேஷனுக்கு அலையணும், எதுக்கு வம்பு" என்ற பக்கத்து வீட்டுப் பேச்சு. கால் மணி நேர இணைய வேலைக்கு அஞ்சி ஒரு வீடு மறுக்கப்படுகிறது.

போகிற பிள்ளையின் பாடும் எளிதல்ல. 2022 நவம்பர் முதல் இந்திய விண்ணப்பதாரர்கள் தங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று தனிச் சான்று பெற வேண்டும். 'முடக்கக் கணக்கு' எனப்படும் தனி வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும். மாதம் 992 யூரோ என்று அது திரும்ப வரும். இந்தப் பணத்துக்காக நகை அடகு வைத்த வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. ஆனாலும் தொகை எவ்வளவு, எந்தத் தாள் எத்தனையாவது என்பது முன்கூட்டியே தெரியும். தயாராக முடிகிறது.

எழுதி வைக்கும் ஊருக்கும் ஒரு கொடுமை உண்டு. அங்கே எல்லாம் கடிதமாகவே வரும். தபால் பெட்டியில் பெயர் ஒட்டவில்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும் நம் பிள்ளை, பெட்டியில் தன் பெயரை மட்டும் எழுதி ஒட்டிவிட்டு, வங்கி அட்டை ஏன் வரவில்லை என்று காத்திருப்பான். முகவரி பதிந்த சில வாரங்களில் பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். விளம்பரம் என்று தூக்கிப் போட்டால் பாக்கியும் அபராதமும் சேர்ந்து அடுத்த கடிதம் வரும். எழுத்தை நம்பும் ஊர், படிக்கத் தெரியாதவருக்காகக் காத்திருப்பதில்லை.

வீடும் தண்ணீரும்

முன்பணத்திலும் இரண்டு சட்டங்கள் ஒரே எண்ணைச் சொல்கின்றன. ஜெர்மனியில் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகையே உச்சம் என்கிறது. ஆனால் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கம் இன்னும் பல தெருக்களில் உயிரோடு இருக்கிறது. உள்ளூர்க்காரர் பேரம் பேசி ஆறுக்கோ ஐந்துக்கோ இறக்குவார். பேரம் பேசலாம் என்பதே புதியவருக்குத் தெரியாது.

ஜெர்மனியில் அறை கிடைப்பதுதான் பாடு. பல்கலைக்கழக விடுதிக்கு நீண்ட காத்திருப்புப் பட்டியல். பங்கு வீடுகளில் ஓர் அறைக்கு நேர்காணல் போல வரிசை. தமிழ்ப் பெயரோடு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வராமல் போவதும் உண்டு. கிடைத்துவிட்டால் விதிகள் சுவரில் தொங்கும். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்க அமைதி. குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து காற்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தாள் ஒரு தொட்டி, உறை ஒரு தொட்டி, உணவுக் கழிவு ஒரு தொட்டி.

நம் வீடுகளின் விதிகள் எங்கும் தொங்குவதில்லை. கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், விருந்தாளி வரலாமா, மாமிசம் சமைக்கலாமா என்பதெல்லாம் மீறிய பிறகே தெரியவரும். தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். போர் தண்ணீர் குளிக்க, துணி துவைக்க; உப்பு அதிகம், கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ சம்ப்பில் விழும், அது சமையலுக்கு. குடிக்க 20 லிட்டர் கேன். மோட்டாரை யார், எப்போது போடுவது என்பது மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே வாய்ப்பேச்சில் முடிந்த உடன்படிக்கை. வந்த முதல் வாரத்தில் வெளிநாட்டுப் பிள்ளை போர் குழாயில் பிடித்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்வதற்கு, இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாததுதான் காரணம். நல்ல வீட்டுக்கார அம்மா வாய்த்துவிட்டால் முதல் நாளே கையைப் பிடித்துக் காட்டிவிடுவார். நாலாம் நாள் ரசமும் வந்துவிடும். அந்த அன்பு எந்த ஜெர்மன் விதிப்பலகையிலும் கிடையாது. வாய்க்காதவருக்கோ இங்கே ஒன்றுமே கிடையாது.

சொல்லாமல் விடுவதில் ஆபத்தானதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் வந்தது. எந்தத் தெருவில் இடுப்பளவு நின்றது, எந்த வீட்டில் படி வரை வந்தது என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் இருக்காது. ஜூலையில் வந்து, குறைந்த வாடகை என்று தரைத்தள வீட்டைப் பிடிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு நவம்பர் என்றால் என்ன என்று யார் சொல்வது?

அடுப்படி

பழகிக்கொள்வதில் மிகவும் மனதுக்கு நெருக்கமான வேலை சமையல்தான். மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டி, கையால் உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுப் பழகிய கிழக்கு ஆப்பிரிக்கப் பிள்ளை இங்கே ரவைப் பொட்டலத்தைக் கண்டெடுக்கிறார். கொதிக்கும் தண்ணீரில் ரவையைக் கொட்டி, மரக்கரண்டி நின்றுவிடும் பதத்துக்குக் கிண்டி இறக்கினால் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தாம்பரம் சண்முகம் சாலைச் சந்தையில் கீரையும் தக்காளியும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. மாணவர் விசாவில் இந்தியாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரிலிருந்து வரும் பணத்தில்தான் மாதம் ஓட வேண்டும். ஆகவே சந்தை விலைக்கு அவர் வாழ்வில் பெரிய இடம் உண்டு.

அங்கே நம் பிள்ளை இட்லி மாவோடு மல்லுக்கு நிற்கிறார். ஜனவரிக் குளிரில் மாவு பொங்காது. சூடேற்றும் குழாய்மேல் பாத்திரத்தை வைத்துத் துணி போர்த்தியோ, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க உள்ளே வைத்தோ புளிக்க வைக்கிறார்கள். தாளிக்கும்போது கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறும். மாடி முழுக்கக் கதவுகள் திறக்கும். சனிக்கிழமை மறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கக்கூட ரயில் நிலையக் கடைக்குத்தான் போக வேண்டும், மற்றவை பூட்டியிருக்கும். ஆனால் வேலை செய்ய அனுமதி இருக்கிறது: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். சொந்தக் காலில் நிற்கும் தெம்பு அதில் வருகிறது. இந்த ஒன்றில் ஜெர்மனி தன்னிடம் வந்த பிள்ளையை நம்மைவிட மதிப்போடு நடத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெருவும் பார்வையும்

தெருவில் கணக்கு மாறுகிறது. ஜிஎஸ்டி சாலையைக் கடப்பது எப்படி என்று எந்தப் பலகையும் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் பெரியவர் கை நீட்டி வண்டிகளை நிறுத்தும்போது அவரோடு ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஷேர் ஆட்டோவில் யாரும் கேட்காமலே நகர்ந்து இடம் கொடுப்பார்கள். முகவரி கேட்டால் கூடவே வந்து விட்டுப் போவார்கள். ஜெர்மனியில் யாரும் இல்லாத நள்ளிரவிலும் சிவப்பு விளக்குக்கு நின்றே ஆக வேண்டும். ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. தெரியாது என்று சொல்லிப் பயனில்லை.

கனிவு ஒரு பக்கம் இருக்க, நம் தெருவின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பினப் பிள்ளை நடந்து போனால் திரும்பிப் பார்ப்பது, அனுமதியின்றிப் படம் எடுப்பது, தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, ஒரு குற்றச் செய்தி வந்தால் அந்த நாட்டார் எல்லோரையும் சந்தேகிப்பது, இவையெல்லாம் இங்கே நடக்கின்றன. "சும்மா ஆசைக்குப் பார்க்கிறோம்" என்பது பதிலாகாது. ஒரு ஜெர்மன் ரயில் பெட்டியில் நம் பிள்ளையின் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தால் நமக்கு எப்படி வலிக்குமோ, அதே வலிதான் இது.

உடம்புக்கு முடியாதபோது

நோயில் இரண்டு ஊர்களின் இயல்பும் முழுதாக வெளிப்படுகிறது. ஜெர்மனியில் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. குடும்ப மருத்துவரை முன்பதிவு செய்து பார்க்க வேண்டும்; அலுவல் நேரம் கடந்தால் 116117; உயிருக்கு ஆபத்து என்றால் 112. பெரிய செலவு எதுவும் தலையில் விழாது. ஆனால் காய்ச்சலோடு அறையில் கிடந்தால் கதவைத் தட்டுவார் இல்லை. இங்கே மாலையில் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி அரை மணியில் மருத்துவரைப் பார்க்கலாம். அறைத்தோழன் கஞ்சி வைத்துத் தருவான். ஆனால் பெரிய நோய் என்றால் எந்த மருத்துவமனை, எவ்வளவு பணம், காப்பீடு செல்லுமா என்று சொல்ல நாதியில்லை.

இந்த இடத்தில் நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள ஒரு வரலாறு பொருந்தி வருகிறது. 1914-ல் கேம்பிரிட்ஜ் போன சீனிவாச இராமானுஜன் சைவ உணவுக்காகத் தாமே சமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் அதுவும் கடினமானது. அங்கே குளிரில் தூக்கம் வராமல் மேல்கோட்டோடும் சால்வையோடும் அவர் படுத்திருந்ததை, அப்போது அங்கே படித்த பி. சி. மகலனோபிஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கம்பளிகள் மெத்தைக்கடியில் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ்தான் செய்து காட்டினார். எண்களின் ஆழத்தில் உலவியவருக்குக் கட்டில் விரிப்பின் முறை தெரியாமல் போனதில் வியப்பில்லை. அதை எந்தக் கல்லூரி விதிப்புத்தகமும் எழுதாது. 1917-ல் நோயுற்ற இராமானுஜனை அனுமதித்த இடங்களில் ஒன்று சோமர்செட் பகுதியின் மெண்டிப் மலைச் சானடோரியம். அதை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து என்ற இந்தியர். பிறகு அவரே தாயகம் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கினார். இன்றும் நம் ரயில் நிலையம் ஒன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்து பழகிய மனிதர் கற்றதைக் கொண்டுவந்து இங்கே நிறுவிய இடம் அது.

தனிமை

டிசம்பரில் பெர்லினில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நம் பிள்ளைகள் பலருக்கு முதல் குளிர்காலமே கடுஞ்சோதனை. அப்போது தாங்குவது சக தமிழர்கள். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் கடைகளும் கோயில்களும் அமைத்து வைத்திருக்கிறார்கள். 2002-ல் குடமுழுக்கு கண்ட ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். முன்னால் போனவர் பின்னால் வருபவருக்கு வழிகாட்டும் ஏற்பாடு அங்கே இரண்டு தலைமுறையாக இருக்கிறது.

தாம்பரத்துக்கு வரும் பிள்ளைக்கு அப்படி வேரூன்றிய சமூகம் இல்லை. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவதால் ஒவ்வோர் ஆண்டும் அறிவு கைமாறாமல் போகிறது. இந்த ஆண்டு வருகிறவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். தெரு நிறைய ஆள் இருந்தும் பேச ஆளில்லாத தனிமை அவருடையது.

சீர்தூக்கிப் பார்த்தால்

எழுதி வைக்கும் ஊரின் பெருமை, யாருக்கும் தெரியாத ஒருவரும் அங்கே தன் காரியத்தை நடத்திக்கொள்ளலாம் என்பது. விதி எல்லோருக்கும் ஒன்று. யாருடைய தயவும் வேண்டாம். அதன் குறை, விதி தெரிந்த பிறகும் மனிதர் கிடைக்காதது. சொல்லி வைக்கும் ஊரின் பெருமை, ஒரு மனிதர் கிடைத்துவிட்டால் வீடே கிடைத்த மாதிரி. அதன் குறை, அந்த ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை; நிறம், மதம், மொழி பார்த்தே பெரும்பாலும் வாய்க்கிறது. நம் விருந்தோம்பல் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது நாம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது.

ஆகவே இரண்டு பேருக்கும் தேவை வெவ்வேறு. ஜெர்மனி போகிற பிள்ளை அந்த ஊர் எழுத்தையும், மனிதரைத் தேடிப் போகும் துணிவையும் பழக வேண்டும். வருகிற கடிதத்தை அன்றே பிரித்துப் படிப்பது, புரியாவிட்டால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அமைப்பிடம் கேட்பது, பக்கத்து அறைக் கதவைத் தானே முதலில் தட்டுவது, இவற்றை மொழி வகுப்போடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

தாம்பரத்துக்கு வருகிற பிள்ளைக்கு நாம் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் வட்டாரத்துக்கென்று சிறு கையேடு ஒன்றை அச்சிடலாம்: எந்தத் தண்ணீர் எதற்கு, அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு, எந்தத் தெருவில் வெள்ளம் வரும், இரவில் எந்த மருத்துவமனை, 108-ஐ எப்போது அழைப்பது. சி படிவத்தை வீட்டுக்காரருடன் உட்கார்ந்து நிரப்பித் தர கல்லூரி அலுவலகத்தில் ஒருவரை அமர்த்தலாம். வீடு மறுப்பதற்கான பாதிக் காரணம் அதிலேயே போய்விடும். புறநகர் முழுக்க இருக்கும் குடியிருப்போர் நலச்சங்கங்கள் வெளிநாட்டு மாணவரைக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது அழைத்து அறிமுகம் செய்துவைக்கலாம். முகம் தெரிந்த பிள்ளையை யாரும் வெறித்துப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நியாயம் இருக்கிறது. மகனுக்கோ மகளுக்கோ ஜெர்மனியில் அறை கிடைக்கவில்லை என்று மனம் நொந்துபோகும் எத்தனையோ வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அந்த வீடுகளிலேயே மாடிப் போர்ஷன் காலியாக இருந்தால், அதைக் கேட்டு வரும் அயல்நாட்டுப் பிள்ளைக்கு முதலில் 'பார்க்கலாம்' என்ற பதிலாவது கிடைக்க வேண்டும். நம் பிள்ளைக்கு அங்கே யாரோ ஒருவர் கதவு திறக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை, இங்கே நாம் கதவு திறப்பதிலிருந்துதான் பிறக்கிறது.